குறட்டை நல்ல உறக்கத்தின் அடையாளமா?

கீரிப்பாறையில் கடை வைத்திருப்பவருக்கு விடியற்காலம் என்பது வியாபார நேரம். அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் பால்வடிக்கச் செல்லும் தொழிலாளர்கள் இருள் பிரியும் முன்பே புறப்பட்டு விடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கட்டன் சாயாவும் கையோடு கொண்டுபோக ஏதேனும் பலகாரமும் கொடுத்து அனுப்ப வேண்டுமானால், கடைப் பலகை அதற்கும் முன்னால் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இரவு கடையடைத்து, நாள்வழி எழுதி, சாப்பிட்டுப் படுக்க 11 மணி ஆகிவிடும். கோட்டாறு சந்தைக்குக் கொள்முதலுக்குப் போகும் நாளென்றால் உறக்கம் இன்னும் சுருங்கும். நாஞ்சில் நாட்டில் மட்டுமல்ல, தமிழகமெங்கும் மளிகை, காய்கறி, அரிசி மண்டி வணிகர்களின் வாழ்க்கை ஏறத்தாழ இதுதான். நேரம் போதவில்லை என்றால் நாம் முதலில் கைவைப்பது உறக்கத்தில்தான்.

அப்படிக் கிடைக்கும் 5 மணி நேரமாவது முழு உறக்கமா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

வணிகர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "அண்ணாச்சிக்கு வயசு நாற்பத்தஞ்சுதான் ஆகுது, ஆனா பழைய சுறுசுறுப்பு இல்லியே. மத்தியானம் கல்லாவில உட்கார்ந்தபடியே கண் சொருகுது." வயது, சர்க்கரை, வியாபாரக் கவலை, பெரிய கம்பெனிக் கடைகளின் போட்டி என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பேச்சு இன்னும் தணிந்த குரலுக்குப் போனால், மனைவியிடம் நாட்டம் குறைந்துபோன செய்தியும் வெளிவரும். உடனே ஒருவர் லேகியம் சொல்வார், மற்றொருவர் பொடி சொல்வார். அண்மைக் காலமாக ஹார்மோன் ஊசி சொல்பவர்களும் வந்துவிட்டார்கள். அதே அண்ணாச்சியின் வீட்டில் கேட்டால் வேறொரு செய்தி கிடைக்கும்: "ராத்திரி விடுற குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேக்குது, நடுவுல மூச்சே நின்னுபோற மாதிரி இருக்குது, எனக்குப் பயமா இருக்குது." இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பேரேட்டில் வைத்துப் பார்ப்பவர் இல்லை. பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கும்பகர்ணன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குறட்டை என்றால் ஆழ்ந்த தூக்கம் என்பது நம் மனத்தில் ஊறிப்போன எண்ணம். உண்மையில் குறட்டை என்பது குறுகிப்போன வழியில் காற்று முட்டிமோதிச் செல்லும் ஓசை. உறங்கும்போது உடலின் தசைகள் தளர்வது போலவே தொண்டைத் தசைகளும் நாக்கும் தளர்கின்றன. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும், தாடை சிறுத்துப் பின்தள்ளி இருப்பவர்களுக்கும் அந்த வழி முழுவதும் அடைபட்டுப் போகலாம். நெஞ்சு மூச்சிழுக்க முயல்கிறது; ஆனால் காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்று மூளை ஒரு கணம் விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. பெரும் சத்தத்தோடு ஒரு மூச்சு வெளிப்படுகிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. உறங்குபவருக்கு இதில் ஒன்றுமே நினைவிருக்காது. இதைத்தான் ஸ்லீப் ஆப்னியா, அதாவது உறக்க மூச்சுத்தடை என்கிறார்கள்.

குறைந்தது 10 வினாடி மூச்சு நின்றால்தான் அதை ஒரு தடையாக மருத்துவர்கள் எண்ணுகிறார்கள். மூச்சு முழுவதும் நிற்காமல் பாதியாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்குவதையும் சேர்த்துக்கொள்வார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30-க்கு மேல் கடுமையானது. நாம் கணக்குத் தெரிந்தவர்கள், போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 30 வீதம் 6 மணி நேரத்தில் 180 தடை. ஒன்றுக்கு 10 வினாடி என்று குறைத்து வைத்தாலும் 1,800 வினாடி. இரவில் அரை மணி நேரம் சரியான மூச்சில்லாமல் கிடக்கிறார் என்று பொருள். படுக்கையில் இருந்த நேரம் 6 மணி என்று கணக்கில் நிற்கும், உடலுக்கு வந்து சேர்ந்த சரக்கோ அதில் பாதிகூட இராது.

இது எங்கோ சிலருக்கு வரும் நோயல்ல. மும்பை இந்துஜா மருத்துவமனையில் வழக்கமான உடல் பரிசோதனைக்கு வந்த 35 முதல் 65 வயது வரையான 658 ஆண்களிடம் டாக்டர் சரீர் உத்வாடியா குழுவினர் நடத்திய ஆய்வு 2004-ல் வெளியானது. உறக்கத்தில் மூச்சு தடைபடுவது 19.5 சதவீதத்தினரிடமும், அதனால் பகலில் தூக்கம் அழுத்தும் அளவுக்கு நோயாகவே முற்றியிருப்பது 7.5 சதவீதத்தினரிடமும் இருப்பதாக அதில் மதிப்பிட்டார்கள். 100 பேர் கூடும் ஒரு வணிகர் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரியில் மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானபோது, அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனையின் இயக்குநர் இந்த நோயைத்தான் காரணமாகக் குறிப்பிட்டார். அதன் பிறகே நம் நாட்டுச் செய்தித்தாள்களில் இந்தப் பெயர் பரவலாக அடிபட்டது.

ரப்பர் மரமும் ஆண்மைச் சுரப்பும்

இனி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு வருவோம். ஆணின் விரைகளில் சுரப்பது இது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி விட்டுவிட்டு அனுப்பும் கட்டளையின்படி அங்கே உற்பத்தி நடக்கிறது. மீசை, தாடி, குரல், உடலுறவு நாட்டம் ஆகியவற்றோடு இதன் வேலை முடிந்துவிடவில்லை. தசையின் வலு, எலும்பின் உறுதி, சிவப்பணு உற்பத்தி, மனத்தின் ஊக்கம் ஆகியவற்றிலும் இதற்குப் பங்குண்டு. மூட்டை தூக்கும் தோளுக்கும் வேண்டியதே.

இந்தச் சுரப்புக்கு ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. ரப்பர் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது பட்டையைச் சீவினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறிய பிறகு சீவினால் அதே மரம் குறைவாகத்தான் தரும். இரவு முழுவதும் மரம் சேர்த்து வைத்ததைத்தான் காலையில் நாம் எடுக்கிறோம். டெஸ்டோஸ்டிரோனும் ஏறத்தாழ அப்படித்தான். உறக்கம் தொடங்கியதும் அது ஏறத் தொடங்குகிறது. கனவு காணும் உறக்கநிலை முதன்முறை வரும் நேரத்தை ஒட்டி உச்சத்தை எட்டி, காலை வரை உயர்ந்தே நின்று, பகல் செல்லச் செல்ல இறங்குகிறது. இந்த ஏற்றம் நிகழ வேண்டுமானால் சுமார் 3 மணி நேரமாவது துண்டுபடாத, இயல்பான உறக்கம் தேவை என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். மூச்சுத்தடை உள்ளவரின் உறக்கமோ இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அறுபடுகிறது.

உறக்கம் குறைந்தாலே இந்த ஹார்மோன் குறையும் என்பதற்குச் சான்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள 10 இளைஞர்களை ஒரு வாரத்துக்கு இரவு 5 மணி நேரம் மட்டும் உறங்கவிட்டுச் சோதித்தார்கள். முடிவு 2011-ல் வெளியாயிற்று. பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தது. வயது ஏறுவதால் ஆண்டுக்கு 1 அல்லது 2 சதவீதம்தான் குறைகிறது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தே பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் அந்த 5 மணி நேரம் என்பது நம்மில் பலருக்கு ஒரு வாரச் சோதனை அல்ல, 20 வருட வழக்கம் என்பதை நினைத்தால் அசட்டை செய்யத் தோன்றவில்லை.

உறக்க மூச்சுத்தடை உள்ள ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. இஸ்ரேலில் இத்தகைய நோயாளிகளின் இரத்தத்தை இரவு முழுவதும் அவ்வப்போது எடுத்துப் பார்த்தபோது, பிட்யூட்டரி அனுப்பும் கட்டளையே தளர்ந்திருந்தது தெரியவந்தது. விரையில் கோளாறு என்பதைவிட, மேலிடத்திலிருந்து ஆர்டர் சரியாக வரவில்லை என்பதுதான் நிலைமை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இந்தக் குறைவுக்கு மூச்சுத்தடை மட்டுமே பொறுப்பு என்று சொல்ல இயலாது. உடற்பருமன் இரண்டையும் ஒருங்கே கொண்டுவருகிறது. வயிற்றுக் கொழுப்பில் உள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. கழுத்துக் கொழுப்போ மூச்சுவழியை நெருக்குகிறது. சர்க்கரை நோயும் தன் பங்குக்குச் சுரப்பைக் குறைக்கிறது. பருமனைக் கழித்துவிட்டால் மூச்சுத்தடைக்கும் ஹார்மோனுக்கும் நேரடித் தொடர்பு எவ்வளவு மிஞ்சும் என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இரவில் ஆக்சிஜன் மிகவும் இறங்கிப்போகும் கடுமையான நோயாளிகளிடம் தொடர்பு தெளிவாகத் தெரிகிறது என்பதே பலரும் ஒப்புவது. நடைமுறையில் இது ஒரு சுழல். உறக்கம் கெட்டவருக்குப் பசி கூடுகிறது. பகலில் சோர்ந்து உட்கார்ந்தே இருக்கிறார். எடை ஏறுகிறது, ஹார்மோன் குறைகிறது, தசை கரைந்து கொழுப்பு சேர்கிறது. கழுத்து இன்னும் தடிக்கிறது, மூச்சு இன்னும் அடைக்கிறது. வட்டிக்கு வட்டி ஏறும் கடன் இது.

ஊசி போடுமுன் ஒரு கேள்வி

சோர்வும் நாட்டக்குறைவும் இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் அளவும் குறைவு என்று ஆய்வகச் சீட்டு சொல்கிறது, ஆகவே ஊசி போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் உறக்கத்தைச் சோதிக்காமல் அந்த ஊசியைப் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதோடு நில்லாது, ஓட்டையையே பெரிதாக்கிவிடவும் கூடும். கடுமையான மூச்சுத்தடை கொண்ட 67 பருத்த ஆண்களுக்குச் சிட்னியில் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் வெற்று ஊசியும் பிரித்துப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில், 7-ஆம் வாரத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களின் இரவு நேர மூச்சு மேலும் மோசமாகியிருந்தது. 18-ஆம் வாரத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆகவே எல்லாருக்கும் கேடு என்று சொல்வதற்கில்லை. என்றாலும் அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர் சங்கம் 2018-ல் வெளியிட்ட நெறிமுறை, சிகிச்சை பெறாத கடுமையான உறக்க மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு இந்த மருந்தைத் தொடங்க வேண்டாம் என்றே கூறுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஹார்மோன் இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும். மூச்சுத்தடையால் ஆக்சிஜன் குறையும் உடலும் அதே வேலையைச் செய்யக்கூடும். இரண்டும் சேர்ந்தால் இரத்தம் கெட்டிப்பட்டு உறையும் அபாயம் கூடுகிறது.

கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கும் இளம் வணிகர்கள் மேலும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், சரக்கு இருப்பு போதும் என்று மூளை உற்பத்தியை நிறுத்திவிடும். விந்தணு எண்ணிக்கை இறங்கும். சிலருக்கு அறவே இல்லாமலும் போகும். குழந்தை வேண்டும் என்று ஊசி போட்டவர் அதே ஊசியால் குழந்தை இல்லாமல் நிற்பது கொடுமை. உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஊசிகளுக்கும் இது பொருந்தும்.

இரத்தப் பரிசோதனையிலும் ஏமாறக் கூடாது. பெரும்பாலான ஆய்வகங்கள் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 300 முதல் 1000 நானோகிராம் வரை இயல்பு என்று கொள்கின்றன. மாலையில் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் போய் இரத்தம் கொடுத்தால், வெயிலேறிய பின் சீவிய மரம் போல் குறைவாகத்தான் காட்டும். லாரியில் சரக்கேற்ற இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு மறுநாள் காலை கொடுத்தாலும் அதே கதி. ஓர் இரவு நன்றாக உறங்கி, காலை 7 மணி முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். குறைவு என்று வந்தால் வேறொரு நாள் மீண்டும் ஒருமுறை பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு சீட்டை வைத்துக்கொண்டு ஆயுள் முழுதும் போட வேண்டிய ஊசியைத் தொடங்குவது, ஒரு கைப்பிடி மாதிரியைப் பார்த்து ஒரு லோடு அரிசி வாங்குவதற்குச் சமம்.

பொடி, லேகிய விஷயத்தில் நமக்கு இரட்டைப் பொறுப்பு இருக்கிறது. வாங்கிச் சாப்பிடுபவர்களும் நாம், அலமாரியில் வைத்து விற்பவர்களும் நாம். உடலுறவு ஆற்றலைக் கூட்டும் என்று எந்த மருந்தையும் விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அச்சட்டத்தில் விளம்பரம் என்பது துண்டறிக்கை, லேபிள், பொட்டலத்தின் மேலுறை எல்லாவற்றையும் சேர்த்தே குறிக்கும். கம்பெனி ஏஜெண்டு இனாமாக மாட்டிவிட்டுப் போகும் அட்டைக்கும் கடைக்காரர் பதில் சொல்ல நேரலாம். அதைவிடப் பெரிய கவலை வேறு. இயற்கை மூலிகை என்று விற்கப்பட்ட பல தயாரிப்புகளில் சில்டெனாஃபில் போன்ற அலோபதி மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைக்கும் ஒருவர் அத்தகைய பொடியைத் தின்றால் இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். தெரிந்த முகம், தினமும் வரும் வாடிக்கையாளர். யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது நமக்குத் தெரியவா போகிறது? தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத சரக்கைக் கடையில் ஏற்றாமல் இருப்பதே வழி.

நமக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

முதல் சாட்சி மனைவிதான். குறட்டை நடுவே சட்டென்று நின்று, சற்று நேரம் கழித்துத் திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா என்று அவர்களைக் கேளுங்கள். வேண்டுமானால் செல்போனில் பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் நாம் சொல்லும் பத்து வார்த்தையைவிட அந்தப் பதிவுக்கு மதிப்பு அதிகம். காலையில் எழும்போது தலைவலி, வாய் வறட்சி, இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுந்திருப்பது, மூன்று மாத்திரை சாப்பிட்டும் அடங்காத இரத்த அழுத்தம், சிறு விஷயத்துக்கும் எரிச்சல், கணக்கில் கவனக்குறைவு ஆகியவையும் அடையாளங்கள். இரவில் எழுவதைச் சர்க்கரை என்றோ பிராஸ்டேட் என்றோ நாம் முடிவு கட்டிவிடுகிறோம். மூச்சுத்தடையும் அதைச் செய்யும்.

ஜவுளிக்கடை டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்து பாருங்கள். 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது ஒரு குறி. ஆணாக இருப்பதும், 50 வயதைத் தாண்டுவதும் தனித்தனிக் குறிகள். உரத்த குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, இரத்த அழுத்தம், மிகுந்த பருமன் ஆகியவற்றையும் சேர்த்து மொத்தம் எட்டில் மூன்று இருந்தால் சோதித்துப் பார்ப்பது நல்லது. இந்தக் கேள்விப் பட்டியல் கனடாவின் டொரான்டோ நகரில் 2008-ல் உருவாக்கப்பட்டு இன்று உலகெங்கும் பயன்படுகிறது. எடைக்கு இந்தியர்களுக்குத் தனிக் கணக்கு: 5 அடி 5 அங்குல உயரம் உள்ளவர் 68 கிலோவைத் தாண்டினாலே பருமன் என்று கொள்ள வேண்டும். ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் தேறுவோம் என்று தெரியவில்லை.

சரக்கு வண்டியைத் தாமே ஓட்டிச் செல்லும் வணிகர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. இந்நோய் உள்ள ஓட்டுநருக்கு விபத்து அபாயம் மற்றவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் பாதையின் வளைவுகளில் மூன்று வினாடி கண்ணசந்தால் போதும்.

நாகர்கோவிலிலோ அருகிலுள்ள பெருநகரங்களிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்த்தால், உறக்கப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வார்கள். ஓர் இரவு உடலில் சில ஒயர்களைப் பொருத்திக்கொண்டு உறங்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் சிறிய கருவியும் இப்போது வந்துள்ளது.

நோய் நடுத்தரம் அல்லது கடுமை என்று தெரிந்தால் சிபாப் என்ற கருவியைப் பரிந்துரைப்பார்கள். மூக்கில் ஒரு மாஸ்க் வைத்து, மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டை மூடாமல் காக்கும் கருவி அது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் இதை உலகுக்கு அறிவித்தார். தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைத் திருப்பி வைத்துத்தான் முதலில் செய்து பார்த்தார். விலை சில பத்தாயிரம் ரூபாய் ஆகும். வாங்குமுன் சில வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது வணிகருக்கு அழகு. பகல் தூக்கம், தலைவலி, எரிச்சல் ஆகியவை பலருக்குச் சில வாரங்களிலேயே குறைகின்றன. இரத்த அழுத்தமும் சற்று இறங்கும்.

ஆனால் இந்தக் கருவியைப் போட்டவுடன் டெஸ்டோஸ்டிரோன் ஏறிவிடும் என்று யாரேனும் விற்றால் நம்ப வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கருவி மட்டும் அந்த அளவைக் குறிப்பிடத்தக்க விதத்தில் உயர்த்துவதில்லை என்றே கண்டிருக்கிறார்கள். ஏற்றுவது எடைக்குறைப்புதான். எடை எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப டெஸ்டோஸ்டிரோன் உயர்வது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. மூச்சுத்தடைக்கும் அதுவே மருந்து: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் 690 பேரை 4 ஆண்டுகள் கவனித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், எடை 10 சதவீதம் குறைந்தால் தடைகள் 26 சதவீதம் குறையும் என்றும், 10 சதவீதம் ஏறினால் 32 சதவீதம் கூடும் என்றும் கணக்கிட்டார்கள். 80 கிலோ உள்ளவர் 8 கிலோ குறைப்பது. கருவி உறக்கத்தைத் தரும். உறங்கி எழுந்த உடம்புக்கு நடக்கத் தெம்பு வரும். நடந்தால் எடை குறையும். வரிசை அப்படித்தான் அமைய வேண்டும்.

கல்லாவில் உட்கார்ந்தே கழியும் வாழ்க்கையில் எடை குறைப்பது எளிதல்ல என்பதை அறிவோம். கடையடைத்து இரவு 10 மணிக்கு மேல் வயிறு முட்ட உண்டு உடனே சாய்வதை மாற்றுவது முதல் படி. மாலையில் கடையிலேயே பாதிச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். படுக்குமுன் மது அருந்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: மது தூக்கத்தை வரவழைத்தாலும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி, மூச்சுத்தடையை அதிகமாக்கும். கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் நல்லதல்ல. மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்துப் படுப்பது பலருக்குத் தடைகளைக் குறைக்கும். காசில்லாத மருத்துவம் இது.

வீட்டுப் பெண்களுக்கும் இந்நோய் உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு அவர்களிடமும் அதிகரிக்கிறது. சினைப்பை நீர்க்கட்டி உள்ள இளம்பெண்களிடம் ஆண்மை ஹார்மோன் மிகுந்திருக்கும்; அவர்களிடையே உறக்க மூச்சுத்தடையும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆண்களைப் போல் உரக்கக் குறட்டை விடாததால் பெண்களின் நோய் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. கடையையும் அடுப்பையும் சேர்த்துச் சுமப்பவர்கள் சோர்ந்திருந்தால், வேலை அதிகம் என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

மலையடிவாரத்து அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. காற்று மழைக் காலத்தில் நம் பக்கம் கரண்ட் போவது வாடிக்கை. கருவி வாங்கி என்ன பயன் என்று கேட்கலாம். சிபாப் கருவிக்கு அதிக மின்சாரம் தேவையில்லை. காற்றை ஈரப்படுத்தும் சூடேற்றும் பகுதிதான் மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும். கரண்ட் இல்லாத இரவில் அந்தப் பகுதியை மட்டும் நிறுத்திவிட்டால், கடையில் விளக்குக்கு வைத்திருக்கும் நல்ல நிலையிலுள்ள இன்வெர்ட்டரே பெரும்பாலும் விடியும்வரை தாங்கும். வாங்கும்போது பேட்டரியின் அளவைச் சொல்லி, எத்தனை மணி நேரம் ஓடும் என்று விற்பவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.